வேற்று நாட்டுத் தேர்தல் முடிவும் நம் பிள்ளைகளின் மனமும்

2024 நவம்பர் 6. டொனால்ட் டிரம்ப் மீண்டும் அமெரிக்க அதிபராகத் தேர்வானார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்தச் செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசிக்கும் வந்தது. அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்க நினைத்திருந்தவர்களுக்குக் கவலை. ஓராண்டாகக் காஸாவின் காட்சிகளைப் பார்த்து மனம் நொந்திருந்தவர்களுக்குக் குழப்பம். வேறு சிலருக்கோ, ஆயுதம் கொடுத்த ஆட்சி தோற்றதே என்ற மகிழ்ச்சி.

இப்படி மனம் கலங்கி நிற்கும் பிள்ளையிடம் நாம் வழக்கமாகச் சொல்வது: "அங்கே யார் வந்தால் உனக்கென்ன? படிக்கிற வேலையைப் பார்." இந்தப் பதிலால் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும், மனம் ஆறாது. "உலகமே முஸ்லிம்களை வெறுக்கிறது" என்ற முடிவுக்கு அது தனியாகவே போய்ச் சேர்ந்துவிடும். கவனிக்க வேண்டிய ஆபத்து அதுதான்.

இந்த உணர்வு புதியதல்ல

தொலைதூர நாட்டின் வெற்றி தோல்விக்காக வருந்துவது முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. மக்காவில் முஸ்லிம்கள் சிறுபான்மையாக ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், ரோமர்களைப் பாரசீகர்கள் போரில் வென்றார்கள். 614ஆம் ஆண்டில் ஜெருசலமும் பாரசீகர் வசமானது. வேதக்காரர்களான ரோமர்கள் தோற்றதில் மக்காவின் இணைவைப்பாளர்கள் மகிழ்ந்தார்கள், முஸ்லிம்கள் கவலைப்பட்டார்கள் என்று தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. அவர்களில் எவரும் ரோம் நாட்டுக் குடிமக்கள் அல்லர்.

அந்தக் கவலையை அல்லாஹ் அலட்சியம் செய்யவில்லை. ஸூரத்துர் ரூம் என்ற அத்தியாயத்தின் தொடக்கமே அதைப் பற்றியதுதான். சில ஆண்டுகளில் நிலைமை மாறும் என்று அது முன்னறிவித்தது, அதிகாரம் யாவும் அல்லாஹ்வின் கையில் இருப்பதை நினைவூட்டியது. அவ்வாறே ரோமர்கள் மீண்டெழுந்தார்கள். 627ல் நினிவே போரில் பாரசீகப் படை தோற்றது. ஆகவே, "நீ வருந்துவது தவறு" என்று பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை. அந்த வருத்தத்தை எங்கே கொண்டு நிறுத்துவது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

வாக்குகள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் மக்கள் அளிக்கும் வாக்குகளை நாடு முழுவதும் கூட்டிப் பார்த்து அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட 538 தேர்வாளர்களில் 270 பேரின் ஆதரவைப் பெறுபவரே அதிபர். 2016ல் டிரம்பை விட ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார். ஆனாலும் தேர்வாளர் கணக்கில் 304க்கு 227 என்று தோற்றார்.

2024ல் டிரம்ப் மக்கள் வாக்கிலும் முன்னணியில் இருந்தார். அப்போதும் அவர் பெற்றது பாதிக்குச் சற்றுக் குறைவு. அவருக்கு வாக்களித்தவர்களில் விலைவாசியை எண்ணி வாக்களித்தவர்களும் உண்டு, குடியேற்றத்தை எண்ணி வாக்களித்தவர்களும் உண்டு.

மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரைப் பாருங்கள். அங்கு வசிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரபு வம்சாவளியினர். 2020ல் பைடனைப் பெருவாரியாக ஆதரித்த அந்நகரில், 2024ல் அதிக வாக்குகள் பெற்றவர் டிரம்ப். காஸா விஷயத்தில் பைடன் அரசின் மீது ஏற்பட்ட கோபம் இதற்கு முக்கியக் காரணம். மூன்றாவது வேட்பாளரான ஜில் ஸ்டைனும் அங்கே கணிசமான வாக்குகள் பெற்றார். டிரம்புக்கு விழுந்த ஒவ்வொரு வாக்கும் முஸ்லிம் மீதான வெறுப்பு என்றால், டியர்பார்ன் முஸ்லிம்களின் வாக்கை என்னவென்று சொல்வது?

வெற்றியில் மகிழ்ந்தவர்களுக்கும் பாடம் உண்டு. பதவியேற்ற அடுத்த மாதமே, 2025 பிப்ரவரியில், காஸாவை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்றும் அங்குள்ள மக்கள் வேறு நாடுகளுக்குப் போக வேண்டும் என்றும் டிரம்ப் பேசினார்.

பயத்துக்குக் காரணம் இல்லையா?

உண்டு. அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பதிவு செய்த முஸ்லிம் விரோதக் குற்றச் சம்பவங்கள் 2014ல் 154, 2015ல் 257, 2016ல் 307. 2017 ஜனவரி 27 அன்று ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்கள் நுழையத் தடை விதித்து டிரம்ப் ஆணையிட்டார். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் விமான நிலையங்களிலேயே தடுத்து வைக்கப்பட்டார்கள்.

அதே வார இறுதியில் நடந்ததையும் பிள்ளைகள் அறிய வேண்டும். ஆயிரக்கணக்கானோர் விமான நிலையங்களுக்கு வந்து போராடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். வழக்கறிஞர்கள் அங்கேயே தரையில் அமர்ந்து இலவசமாக மனுக்கள் தயாரித்தார்கள். மறுநாளே ஒரு நீதிபதி, வந்திறங்கியவர்களைத் திருப்பி அனுப்பத் தடை விதித்தார். ஒரு வாரத்தில் நாடு முழுவதும் ஆணை நிறுத்தப்பட்டது.

முடிவு முழு வெற்றியல்ல. திருத்தப்பட்ட மூன்றாவது ஆணையை 2018 ஜூன் 26ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது. 2021 ஜனவரி 20ல் பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஜூனில் 12 நாடுகளுக்கு முழுத் தடை மீண்டும் வந்தது. அநியாயமும் அதற்கான எதிர்ப்பும் அங்கே கூடவே நடக்கின்றன.

2016ல் டிரம்ப் வென்ற அதே நாளில், மின்னசோட்டா மாநில சட்டமன்றத்துக்கு ஹிஜாப் அணிந்த ஒரு பெண் தேர்வானார். சோமாலியாவில் பிறந்து, கென்ய அகதி முகாமில் நான்கு ஆண்டுகள் வளர்ந்த இல்ஹான் உமர்தான் அவர். 2018ல் அவரும் ரஷீதா தலைப்பும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் பெண் உறுப்பினர்களாகத் தேர்வு பெற்றார்கள். தடைப் பட்டியலில் சோமாலியாவும் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

முதலில் பிள்ளை பேசட்டும். பயமா, கோபமா, ஏமாற்றமா என்று கேளுங்கள். பிறகு, "இந்த முடிவால் யாருக்கு, என்ன, எப்போது மாறும்?" என்று சேர்ந்து தேடிப் பாருங்கள். தெளிவில்லாத பயத்தை விடத் தெளிவான தகவலைச் சமாளிப்பது எளிது.

அமெரிக்கா செல்ல விண்ணப்பிக்கும் பிள்ளைகள், வாட்ஸ்அப் செய்திகளை நம்பாமல் தூதரக அறிவிப்புகளைப் பார்க்கட்டும். 2025 ஜூன் தடைப் பட்டியலில் இந்தியாவோ இலங்கையோ இல்லை. ஆனால் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போரின் சமூக ஊடகக் கணக்குகள் பரிசோதிக்கப்படும் என்று அதே மாதம் அறிவிக்கப்பட்டது. கோபத்தில் எழுதும் ஒரு வரிக்கும் விலை இருக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

உலகின் மறுபக்கத்தில் வாழும் மக்களுக்காகத் துடிக்கும் மனம் அல்லாஹ் தந்த அருட்கொடை. "உனக்கென்ன?" என்று கேட்டு அதை மரத்துப்போகச் செய்துவிட வேண்டாம். அந்த மனத்துக்கு அறிவையும் பொறுமையையும் துணையாகக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.