உளி பட்டால் பட்டதுதான்!

தொடர்கதை எழுதுகிறவன் படும் பாடு தெரிய வேண்டுமா? பேனாவை மூடிவிட்டு செங்கல்பட்டில் பஸ் ஏறுங்கள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஜன்னல் ஸீட் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்!

இந்தக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பல்லவர் கதை தன் மனசுக்குள் முளைவிட்டதாகக் கல்கி சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய பல்லவர் நாவல்கள் இரண்டு. வேடிக்கை என்னவென்றால், பின்னால் நடக்கும் கதை முன்னால் வந்துவிட்டது. மாமல்லர் நடுவயது தாண்டி, மகள் குந்தவி வளர்ந்து நிற்கும் 'பார்த்திபன் கனவு' 1941-லேயே 'கல்கி'யில் தொடங்கிவிட்டது. மாமல்லரின் காதல் கதையான 'சிவகாமியின் சபதம்' ஆரம்பித்ததோ 1944-ல்!

எழுத்தாளரின் தர்மசங்கடத்தை யோசித்துப் பாருங்கள். வாதாபி எரியுமா என்று சஸ்பென்ஸ் வைக்க முடியாது. சரித்திரப் புத்தகம் 642-ல் வாதாபி விழுந்தது என்கிறது. அவரே எழுதிய முந்தைய கதையும் மாமல்லரை வெற்றி வீரராகக் காட்டியாகிவிட்டது. அச்சானதை யார் அழிப்பது?

கல்கி கேள்வியையே மாற்றிவிட்டார். சபதம் நிறைவேறுமா என்பதை விட, நிறைவேறும்போது சிவகாமிக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் வாசகனை அரிக்கிறது. வாதாபி எரிந்து அவள் காஞ்சி திரும்பும்போது மாமல்லர் மனைவி மக்களோடு இருக்கிறார். அவள் இறைவனையே மணாளனாக வரித்துக்கொள்கிறாள். கடைசி பாகத்தின் தலைப்பே 'சிதைந்த கனவு'. தன் கையைக் கட்டிய கயிற்றையே ஊஞ்சலாக்கிவிட்டார் மனுஷர்!

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நாவலாசிரியர் இருக்கிறார். ஆறு வருஷமாக முதல் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். கம்ப்யூட்டரில் டெலீட் பட்டன் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் எமன். கதாநாயகி வருவது இரண்டாவது அத்தியாயத்தில். "அவ எப்பங்க வருவா?" என்று அவர் மனைவியே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அவரை ஐந்து ரதங்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அடியில ஃபினிஷிங்கே இல்லையே சார்?"

"மேலே பாருங்க."

தர்மராஜ ரதத்தின் மேல் தளங்களில் சிற்பங்கள் கச்சிதம். ஏனென்றால் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் கட்டுகிற வேலை மிச்சம். ஆனால் கல் ஒருதரம் போனால் போனதுதான், ஒட்ட முடியாது. அதற்காக அவசரக்குடுக்கைகள் என்று நினைக்க வேண்டாம். முடியாமல் நிற்கும் குகைகளில் பாருங்கள்: சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவில் மிஞ்சும் கட்டிகளை உடைத்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. அளவு போட்டுத்தான் உடைத்திருக்கிறார்கள். அர்ஜுனன் தபசுக்குக்கூட, இன்னொரு பாறையில் பாதியில் நின்றுபோன ஜோடி ஒன்று உண்டு. அது ஏன் நின்றது என்பதை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிடலாம். எனக்கு அது கிழித்துப் போடாத டிராஃப்ட்!

முடிந்த தபசில், 90 அடிக்கு மேல் நீளும் பாறையில், தேவர்களும் யானைகளும் திரண்டிருக்க, கீழே தவம் செய்கிற போலிச் சாமியார் பூனை, சுற்றிலும் எலிகள். அவ்வளவு ஸீரியஸான காட்சியில் காமெடி டிராக்! நம்மவர் அந்தப் பூனையை விட்டு நகரவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார்: "சார், இந்த வாரமே ஹீரோயினை இறக்கிடறேன்."

இறக்கிவிட்டார். படித்தேன், நன்றாகவே இருக்கிறது. ஒரே தகராறு: முதல் அத்தியாயத்தில் ஹீரோவுக்கு ஊர் மதுராந்தகம், இரண்டாவதில் அச்சிறுபாக்கம். 'முதலில் இருந்து மாத்திடட்டுமா?' என்று கையைப் பிசைந்தார்.

"வேண்டாம். வாடகை கட்டுபடியாகாம வீடு மாத்திட்டான்னு மூணாவதுல ஒரு வரி போடுங்க" என்றேன்.

மறுநாள் அந்த ஒரு வரி ஒன்பது பக்கமாக வந்தது. வீட்டு ஓனர்தான் இப்போது வில்லன்!