கணினிக்கு நேரங் கூறுவார் யார்?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டனைக் கடந்து லக்கலைப் பக்கமாக இறங்குகின்றது. காற்றும் முகிலும் மாறி மாறிச் சூழும் அம்மலையுச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கின்றது. மலையடிவாரத்து ஊரொன்றில் மாணவனொருவன் புதிய கணினியை முதன்முறையாக இணையத்தோடு இணைக்கின்றான் எனக் கொள்வோம். சிறிது பொழுதில் திரையின் மூலையில் சரியான நேரம் தோன்றுகின்றது. அந்நேரத்தை அவன் கேட்டானல்லன். எவரிடம் கேட்பது என்று தீர்மானித்தவனும் அல்லன். இயங்குதளத்தை ஆக்கியோர் அதனை அவன் பொருட்டு முன்னரே தீர்மானித்துள்ளனர். இவ்வாறு முன்கூட்டியே குறித்து வைக்கப்படுவது இயல்புநிலை நேரச் சேவையகம் எனப்படும். அதனைத் தெரிவு செய்தல் சிறு காரியமாகத் தோன்றினும், அறிவியலும் அறமும் அதனுள் ஒருங்கே அடங்கியுள்ளன.

கணினியினுள் இருக்கும் படிகக் கடிகாரம் இலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.86 செக்கன் விலகும். ஒரு மாதத்தில் அவ்விலகல் 26 செக்கனாகும். இதனாற் கேடு என்னை எனின், கூறுதும். வங்கி முதலியவற்றின் இணையத்தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்கள், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்னும் வரையறை உடையன. நாட்கணக்கிற் பிழைத்த கடிகாரத்தையுடைய கணினி, செல்லுஞ் சான்றிதழை மறுத்தலும் கூடும். காலங்கடந்ததை ஏற்றலும் கூடும். குற்றமொன்றை ஆராய்வோர் பல கணினிகளின் பதிவேடுகளை ஒப்பிடும்போது, முன்னது எது, பின்னது எது என்று துணிவதும் இயலாதாகும்.

இக்குறையை நீக்க அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த வலையமைப்பு நேர நெறிமுறை 1985ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கணினி ஒரு வினாவை அனுப்புகின்றது. சேவையகம் அதனைப் பெற்ற நேரத்தையும் விடையனுப்பிய நேரத்தையும் குறித்து அனுப்புகின்றது. போகும் வழிக்கும் மீளும் வழிக்கும் சமமான காலஞ் செல்லும் என்று கொண்டு, கணினி தன் கடிகாரத்தின் பிழையைக் கணிக்கின்றது. அவ்விரண்டும் சமமாகாவிடின், வேறுபாட்டின் பாதியளவு பிழை எஞ்சும். செய்தி போய்வர 200 மில்லிசெக்கன் எடுப்பின், பிழை 100 மில்லிசெக்கன் வரை செல்லலாம். 20 மில்லிசெக்கன் எடுப்பின் 10க்கு மேற்படாது. ஆகவே ரிவர்ஸ்டன் அடிவாரத்துக் கணினிக்குக் கடல் கடந்த சேவையகத்தினும் கொழும்பிலுள்ள சேவையகம் பெரும்பாலும் ஏற்றதாகும்.

அங்ஙனமாயின், நல்ல சேவையகமொன்றின் முகவரியைப் பொறித்துவிட்டால் அமையாதோ எனின், அமையாது. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் நேர வினாக்களின் பெருவெள்ளத்திற்கு உள்ளாயிற்று. நெட்கியர் நிறுவனத்தின் வலைவழிகாட்டிக் கருவிகளில் அப்பல்கலைக்கழகச் சேவையகத்தின் எண்முகவரி மாற்றவியலாதவாறு பொறிக்கப்பட்டிருந்தமையே காரணம். விடை கிடையாதபோது அக்கருவிகள் செக்கனுக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் கேட்டன. செக்கனுக்கு 2,50,000 வினாக்கள் வரை வந்து குவிந்தன. டென்மார்க்கில் போல்–ஹென்னிங் காம்ப் என்பார் அந்நாட்டு வலையமைப்புகளின் பொருட்டு நடத்திய சேவையகத்திற்கு, டீ–லிங்க் நிறுவனக் கருவிகளால் இத்தகைய இடரே நேர்ந்தது. 2006ஆம் ஆண்டிலேயே இணக்கம் ஏற்பட்டது. பொதுக்கிணற்றில் வழிப்போக்கன் ஒருவன் நீரருந்துதல் வேறு. கேளாது ஊர் முழுமைக்கும் அதிலிருந்து வாய்க்கால் வெட்டுதல் வேறு.

இதற்கு மாற்றாக மூன்று வழிகள் உள. முதலாவது, ஆக்கியோர் தாமே சேவையகம் நடத்துதல். மைக்ரோசொப்ட், அப்பிள் ஆகிய நிறுவனங்கள் இவ்வழியின. பொருள்வளம் உடையார்க்கே இஃது எளிது.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பொது நேரச் சேவையகத் தொகுதியைப் பயன்படுத்துதல். தன்னார்வலர் பலர் தந்த சேவையகங்களுள் அண்மையிலுள்ளவற்றை அது வினவுவோர்க்குக் காட்டுகின்றது. இயங்குதளம் ஆக்குவோர் தமக்கெனத் தனிப்பெயரொன்றைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது அதன் விதி. டெபியன் முதலியன அவ்வாறு பெற்றுள்ளன. பிழை நேரின் அப்பெயரை மட்டும் வேறுபடுத்திச் சீர்செய்யலாம். ஆயினும் தன்னார்வலர் அருகிய நாடுகளிற் பாரம் முழுவதும் சிலர் மேல் விழுதல் இதன் குறையாகும்.

மூன்றாவது, பிறரொருவரின் பெருஞ் சேவையகத்தைச் சார்தல். லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றில் அமைந்த சிஸ்டம்டீ என்னும் மென்பொருள், வேறொன்றுங் குறிக்கப்படாதவிடத்துக் கூகிளின் சேவையகங்களை நாடுமாறு அமைக்கப்பட்டது. அவ்வமைப்போடு இயங்குதளத்தை வெளியிடலாகாது என்று அதனை ஆக்கியோரே எச்சரித்தும் உள்ளனர். ஏனெனில், 2016ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது போன்று உலக நேரத்தில் ஒரு செக்கன் கூட்டப்படும்போது, கூகிள் அதனைப் பல மணி நேரத்திற்குப் பரப்பிச் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றது. அவ்வேளையிற் பிற சேவையகங்களோடு அதனைக் கலப்பின், எது மெய் எனக் கணினி மயங்கும்.

நாட்டின் அரச சேவையகத்தையே குறித்தல் தகாதோ என்று வினவலாம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான பணிப்புரை, அரச தகவலியல் மையம், தேசிய இயற்பியல் ஆய்வுகூடம் ஆகியவற்றின் சேவையகங்களோடு அல்லது அவற்றோடு தொடர்புடையவற்றோடு கணினிகளை இசைவிக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. ஒரு நாட்டின் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். உலகெங்கும் பயனரையுடைய இயங்குதளத்திற்கு ஒரு நாட்டின் சேவையகம் பொதுவாதல் அரிது.

இவ்விடத்து இலங்கையரின் அனுபவமொன்று நினைக்கத்தக்கது. 1996 மே 25இல் இந்நாட்டின் நேரம் உலக நேரத்திற்கு 6½ மணி முற்பட்டதாக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் 6 மணியாகவும், 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் 5½ மணியாகவும் மாற்றப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இடைக்காலத்திலும் 5½ மணியையே கைக்கொண்டன. நேரச் சேவையகமோ உலக நேரத்தை மட்டுமே உரைக்கும். உள்ளூர் நேரம் இயங்குதளத்தின் நேரவலய அட்டவணையாற் பெறப்படுவது. ஆதலின் அவ்வட்டவணையைப் புதுப்பியாத கணினி, எத்துணைச் சிறந்த சேவையகத்தை வினவினும், 2006இன் பின் அரைமணி முந்தியே காட்டும். சேவையகத்தைத் தெரிந்தளிப்போர் அட்டவணையைக் காலந்தோறும் திருத்தியளிக்கவும் கடமைப்பட்டவர்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: சேவையகம் நடத்துவோரின் இசைவைப் பெறுதல்; எண்முகவரியைப் பொறியாது, பின்னர் மாற்றத்தக்க பெயரைக் குறித்தல்; ஒன்று பொய்ப்பினும் மற்றையவற்றால் அறியுமாறு நான்கு மூலங்களையேனும் வைத்தல்; விடை வாராதபோது இடைவெளியை நீட்டிக் கேட்டல்; 2020ஆம் ஆண்டில் நெறிப்படுத்தப்பட்ட, நேரச் செய்தியை மெய்ப்பிக்கும் முறையை இயன்றவிடத்துக் கையாளல்; பயனர் விரும்பின் மாற்றிக்கொள்ள வழிவிடல்.

ரிவர்ஸ்டன் அடிவாரத்து மாணவன் இவற்றுள் ஒன்றையும் அறியாதிருக்கலாம். அறியாதவன் பொருட்டுச் செய்யப்படும் தெரிவு என்பதனாலேயே, அதனைச் செய்வோரின் பொறுப்பு மிகுகின்றது.