வலிக்குதுன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?



கிராமர் புத்தகத்தில் டென்ஸ் இருக்கிறது, வாய்ஸ் இருக்கிறது. வலிக்கும், அழுகைக்கும் மட்டும் பாடம் இல்லை. இன்பிளான்ட் டிரெய்னிங் என்று புனே பக்கம் போகிறவனுக்குத் திடீரென்று தேவைப்படுவது அதுதான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

"மை லெக் இஸ் பெயினிங்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். 'கால் வலிக்குது' என்பதை அப்படியே திருப்பிப் போட்டது. நம் நாட்டில் இது செல்லும். வெள்ளைக்காரன் காதுக்கு விநோதமாக இருக்கும். அவன் "மை லெக் ஹர்ட்ஸ்" என்பான். தலை, பல், காது, வயிறு, முதுகு இவற்றோடு 'ஏக்' சேரும்: ஹெட்ஏக், டூத்ஏக். காலுக்கு அந்தச் சலுகை கிடையாது. காரணம் கேட்காதீர்கள், வழக்கு அப்படி!

டாக்டரிடம் இது போதாது. எந்த மாதிரி வலி என்பார். நம் அம்மாக்களிடம் இதற்கு எத்தனை சொல்! விண்விண் என்று தெறித்தால் 'த்ராபிங்'. சுருக்கென்று குத்தினால் 'ஸ்டாபிங்'. சுரீரென்று ஓடினால் 'ஷூட்டிங்' (சினிமா ஷூட்டிங் அல்ல). லேசாக, விடாமல் வலித்தால் 'டல்'. கால் மரத்து ஊசி ஊசியாகக் குத்துகிறதே, அது 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்பவர் 1975-ல் இந்த மாதிரி 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து ஒரு கேள்வித்தாளே வெளியிட்டார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்து வலியின் தன்மையைக் கணிப்பதற்கு.

டிரெய்னிங்கில் என் ரூம்மேட்டுக்குக் கண்ணில் கிரைண்டிங் தூசு விழுந்தது. டிஸ்பென்சரி டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "ஐ பெயின், ஐ பெயின்" என்கிறான் இவன். அது கண்ணா, 'நானா'? கண்ணைப் பொத்தியிருந்ததால் பிழைத்தான்! எரிகிறதா, உறுத்துகிறதா என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டும். உறுத்தினால் துகள் இன்னும் உள்ளே இருக்கலாம். அதற்குச் சொல் 'கிரிட்டி'. கிரைண்டிங் வீலில் கிரிட் சைஸ் படிக்கிறோமே, அதே கிரிட்! அவர் கேட்டு, இவன் தலையாட்டி, தூசு வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி மனசு வலி. நம் ஊரில் துக்கம் கேட்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்போம். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்றுகூடச் சொல்ல மாட்டோம். இங்கிலீஷில் வாயைத் திறந்தாக வேண்டும். "ஐ ஆம் சோ சாரி" என்பார்கள். 'நீ என்னடா தப்பு பண்ணினே?' என்று நமக்குத் தோன்றும். ஆனால் 'சாரி' பிறந்தது 'சோர்' என்ற சொல்லோடு. சோர் என்றால் புண், வலி. ஆக, மனம் புண்பட்டிருக்கிறேன் என்பதுதான் மூலப் பொருள், மன்னிப்பு பிறகு ஒட்டிக்கொண்டது. வருத்தத்தைக் குறிக்கும் 'சாரோ' இதற்குச் சொந்தக்காரன் மாதிரி தெரிந்தாலும் வேர் வேறு. "சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றால் வியாபார நஷ்டம் என்று நினைக்காதீர்கள், நாம் 'இழப்பு' என்பதுதான். 'எக்ஸ்பயர்டு' நம் ஆபீஸ் பேச்சு. மருந்து பாட்டிலுக்கு அது சரி, நண்பனின் அப்பாவுக்கு 'பாஸ்டு அவே' என்பதே மரியாதை.

சில 'பெயின்' வலியே இல்லை. 'பெயின் இன் தி நெக்' என்றால் தொல்லை பிடித்த ஆள்; நாம் தலைவலி என்கிறோம், அவர்களுக்குக் கழுத்து. 'டேக் பெயின்ஸ்' என்றால் மெனக்கெடுவது. உங்கள் டிராயிங் ஷீட்டில் ஹெச்.ஓ.டி. சார் 'பெயின்ஸ்டேக்கிங் ஒர்க்' என்று எழுதினால் பயப்படாமல் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுங்கள்.