பட்டம் தரும் உரிமை யாருக்கு?



சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், நம் வடபழனிப் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஃபைலோடு நம்மிடம் வந்தார். இங்கே ஒரு மாடிக் கட்டிடத்தில் நடந்த 'கல்வி மையம்' வழியாக, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்பட்ட ஒன்றிடம் அவர் மகன் வாங்கிய பட்டச் சான்றிதழ் அதில் இருந்தது. கட்டணத்துக்காக நகையை அடகு வைத்திருக்கிறார். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், இது செல்லாது என்று கூறிவிட்டார்களாம். "யுனிவர்சிட்டின்னு போர்டு வச்சிருந்தாங்களே ஃபாதர், கவர்மெண்ட் எப்படி விட்டுச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் இருக்கிறது. யு.ஜி.சி. என்று நாம் சொல்வது இந்தக் குழுவைத்தான். பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை இச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், மத்திய அரசு அறிவித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் தந்த நிறுவனம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. நமக்குத் தெரிந்த இலயோலா கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 1978 முதல் அது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கையில். ஆனாலும் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

வேறு யாரும் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைத் தம் பெயரில் சேர்க்கக் கூடாது என்கிறது 23-ஆம் பிரிவு. மீறினால் என்ன தண்டனை? 24-ஆம் பிரிவில் உள்ள அபராதம், அதிகபட்சம் 1,000 ரூபாய்! 1956-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று ஒரு மாணவரின் விண்ணப்பக் கட்டணத்திலேயே அதை எடுத்துவிடுவார்கள்.

யு.ஜி.சி. கல்வித் தரத்தை நிர்ணயிக்கலாம், பல்கலைக்கழகங்களை ஆய்வு செய்யலாம், சொன்னதைக் கேட்காவிட்டால் மானியத்தை நிறுத்தலாம். மானியமே வாங்காத போலிக்கு அதனால் என்ன நஷ்டம்? போலிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டு எச்சரிக்கிறது. கதவைப் பூட்டுவதற்கோ மாநில அரசும் காவல்துறையும் வரவேண்டும்.

சில சமயம் மாநிலச் சட்டமே வழி திறந்துவிடுவதும் உண்டு. சத்தீஸ்கர் அரசு 2002-இல் இயற்றிய சட்டத்தால் குறுகிய காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டிடம்கூடக் கிடையாது. யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவரான விஞ்ஞானி யஷ்பால் உச்சநீதிமன்றம் சென்றார். 2005 பிப்ரவரியில் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் ரத்தாயின.

பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றம், சேலம் விநாயகா மிஷன் உள்ளிட்ட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியில் தந்த பொறியியல் பட்டங்களை ஏற்கவில்லை. அதற்குத் தேவையான ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இல்லை என்பதே காரணம். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தேர்வெழுதித் தேறினால் பட்டம் நிற்கும் என்றது. பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

எனவே பணம் கட்டும் முன், இது எந்தச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால், அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அனுமதி உண்டா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பாருங்கள். 'கல்வி மையம்' காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். பார்க்கத் தெரியாவிட்டால் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள், நம் இளைஞர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அந்தத் தாயின் நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மகன் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், மறுபடியும் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறார். 2002-இல் மாநிலச் சட்டத்தால் தொடங்கப்பட்டது அது. இந்த முறை அந்தத் தாயே சட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வந்து நம்மிடம் காட்டினார்.