பரிசுக்கு உரியவர் யார்?

1991-ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற ஆறு நூல்களில் ஒன்றுகூடப் பெண் எழுதியதாக இல்லாமற்போனதைக் கண்டு மனம் நொந்த எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் லண்டனில் கூடி ஆலோசித்ததன் பயனாக, ஆங்கிலத்தில் பெண்கள் எழுதும் நாவல்களுக்கென்றே ஒரு தனிப் பரிசு உதயமாயிற்று. 1996 முதல் வழங்கப்பட்டுவரும் அதன் தொகை 30,000 பவுன். புறக்கணிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்யப் பிறந்த ஸ்தாபனம் அது. ஆகையாலேயே, அதன் விதிகள் வேறு சிலரை வெளியே நிறுத்தும்போது மனம் கூடுதலாக வேதனைப்படுகிறது.

நைஜீரியாவில் பிறந்த அக்வேக்கி எமேசி, ஆண் என்றோ பெண் என்றோ தம்மைச் சொல்லிக்கொள்ளாதவர். ஒரே சரீரத்தில் பல ஆவிகள் குடியிருக்கும் ஓர் உயிரின் கதையை, இக்போ மக்களின் நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டு, பெரும்பகுதி அந்த ஆவிகளின் வாய்மொழியாகவே சொல்லிச் செல்லும் அவருடைய முதல் நாவலான 'ஃப்ரெஷ்வாட்டர்', 2019-இல் அப்பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அவரைப் போன்ற ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனால் மறு ஆண்டு, அடுத்த நாவலை அனுப்பும் பேச்சு எழுந்தபோது, சட்டப்படி அவருடைய பால் எது என்று கேட்கப்பட்டது. இனித் தம் நூல்கள் எதையும் அந்தப் பரிசுக்கு அனுப்புவதில்லை என்று அவர் அறிவித்துவிட்டார்.

அவர் செய்தது சரியென்பதே என் அபிப்பிராயம். பிரிட்டிஷ் சட்டத்தில் ஆண், பெண் என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது பதிவு என்பதே கிடையாது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பால் மாற்றத்தைப் பதிந்துகொள்ள விரும்புகிறவரும் பொதுவாக வைத்தியரின் சான்றும், இரண்டாண்டுகள் அவ்வாறே வாழ்ந்ததற்கு அத்தாட்சியும் காட்டியாக வேண்டும். இலக்கியத்தின் தரத்தை நிறுக்க அமர்ந்தவர்கள், அந்தச் சட்டத்தின் ஏட்டைப் புரட்டி எழுத்தாளரின் அந்தரங்கத்தை விசாரிப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

2021-இல் டாரி பீட்டர்ஸ் என்ற திருநங்கையின் நாவல் நெடும்பட்டியலுக்கு வந்தபோது பகிரங்கமான ஆட்சேபக் கடிதம் ஒன்று கிளம்பிற்று. பரிசுக் குழுவினர் அசையாமல் அவர் பக்கம் நின்றார்கள். திருநங்கையரும் பெண்களே என்று தங்கள் விதியையும் விளக்கினார்கள். இது மெய்யான கௌரவம். ஆயினும் சட்டத்தைத் துணைக்கு அழைக்கும் விதி, எமேசி போன்றவர்களுக்கு வழிவிடவில்லை.

வாசலை அகலத் திறந்தால் பெண்களுக்குரிய இடம் பறிபோய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. நெடுங்காலம் இடம் மறுக்கப்பட்டவர்களின் அச்சம் என்பதால் அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அவர்கள் வட அமெரிக்காவைப் பார்க்கலாம். அமெரிக்க, கனடிய எழுத்தாளர்களுக்கான கேரல் ஷீல்ட்ஸ் பரிசு, பெண்களுக்கும் இருபாலுக்குள் அடங்காதவர்களுக்கும் ஒருங்கே உரியதென்று தொடக்கத்திலேயே விதி வகுத்துக்கொண்டது. தொகை 1,50,000 அமெரிக்க டாலர். 2024-இல் அதைப் பெற்றவர், யாழ்ப்பாணத்து யுத்தகாலத்தை 'பிரதர்லெஸ் நைட்' என்ற நாவலாக்கிய வி. வி. கணேசானந்தன் என்ற பெண்மணி. பெண்களுக்கு மட்டுமேயான லண்டன் பரிசும், ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில், அதே நூலுக்கே கிடைத்தது.