இரு பாரங்கள், ஒரு தோள்



2020-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயராக ஒரு கல்லூரி மாணவி பதவியேற்றார். ஆர்யா ராஜேந்திரன் என்னும் அவருக்கு அப்போது வயது 21. இந்நகரின் ஆல் செயின்ட்ஸ் கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தார். தந்தை மின்பணியாளர், தாய் ஆயுள் காப்பீட்டு முகவர். ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வாழும் நகரத்தின் பொறுப்பு, முடவன்முகள் வார்டில் வென்ற அந்த இளம் பெண்ணின் தோள்மேல் வைக்கப்பட்டது. படிப்பையும் தொடரப்போவதாக அவர் அறிவித்தார்.

அவருடைய கட்சியைப் பற்றியோ, 2025-இல் நிறைவடைந்த அந்த மாமன்றக் காலத்தின் நிறைகுறைகளைப் பற்றியோ எழுதுவது நம் நோக்கமன்று. அந்நாளில் பலரும் கேட்ட ஒரு கேள்வியே நமக்கு முக்கியம். கடினமான ஒரு பணியையும் முழுநேரக் கல்லூரிப் படிப்பையும் ஒருவரே சுமக்க இயலுமா? கழக்கூட்டத்தில் இரவுப் பணி முடித்துக் காலையில் வகுப்புக்கு ஓடும் மகனும், சாலை பஜாரில் கடை அடைத்தபின் பாடநூலை விரிக்கும் மகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இக்கேள்வி அவர்களுடையது.

மேயருக்கு இருந்த துணை

இத்தகைய செய்தியை வாசித்தவுடன், “மனம் இருந்தால் எல்லாம் முடியும்” என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிடுகிறோம். சற்று நின்று கவனிப்போம். மாநகராட்சியை மேயர் தனியே நடத்துவதில்லை. துணை மேயர் உண்டு. செயலாளரும் அலுவலர்களும் உண்டு. நிதி, சுகாதாரம், பொதுப்பணி போன்றவற்றுக்காக 8 நிலைக்குழுக்கள் உண்டு. மேலும், அது கொரோனா காலம். கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் இணையவழியில் நடந்துகொண்டிருந்தன. அவருடைய உழைப்பை இது சற்றும் குறைப்பதில்லை. ஆனால் பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்க வேறு கைகளும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடையில் பில் போடும் நம் மகளுக்கு எந்த நிலைக்குழு இருக்கிறது?

மணிக்கணக்கு பொய் சொல்லாது

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். வேலைக்கு 48, பேருந்துப் பயணத்திற்கு 12, வகுப்பிற்கு 25, வீட்டில் படிப்பதற்கு 15, நாளொன்றுக்கு 7 மணி வீதம் உறக்கத்திற்கு 49 என்று வையுங்கள். மொத்தம் 149. மீதி 19 மணி நேரம். அதாவது, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. குளிப்பதும், உண்பதும், துணி துவைப்பதும், பெற்றோரோடு பேசுவதும், ஆராதனைக்குச் செல்வதும் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது இளைஞர் முதலில் உறக்கத்தையே வெட்டுகிறார். சில வாரங்களில் படித்தது மனதில் நிற்பதில்லை. வேலையில் தவறு நேர்கிறது. இரவுப் பணி முடித்து இருசக்கர வாகனம் ஓட்டுபவருக்கோ உயிருக்கே ஆபத்து.

வேலைக்கேற்ற படிப்பு

ஆகவே படிப்பின் வகையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பட்டப்படிப்பிற்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். 90 வேலைநாட்கள் கொண்ட ஒரு பருவத்தில் 22 நாட்களுக்கு மேல் விடுப்பு எடுத்தால் தேர்வு எழுதுவதே கேள்விக்குறியாகிவிடும். சேரும் நாளிலேயே பணிநேர அட்டவணையையும் வகுப்பு அட்டவணையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் மோதினால், ஆர்வம் அதைத் தீர்த்துவிடாது.

தொலைநிலைக் கல்வி தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் திறந்தநிலை, தொலைநிலைப் பட்டங்கள் வழக்கமான பட்டத்திற்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை ஆறு ஆண்டுகள்வரை எடுத்து முடிக்கலாம். 2020-இல் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டது. மூன்றாண்டில் உடைந்துபோவதைவிட ஐந்தாண்டில் முடிப்பது நலம்.

எர்ணாகுளம் இரயில் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளியாயிருந்த ஸ்ரீநாத் என்பவரைப் பற்றி 2018-இல் செய்தி வெளியானது. நிலையத்தின் இலவச வைஃபை மூலம் பாடங்களைக் கேட்டு, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் அவர் தேறினார். தலையில் மூட்டை, காதில் பாடம். அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டுகிறோம். அதோடு அவருடைய விவேகத்தையும் காணுங்கள். வேலையை விட்டு வகுப்பறைக்குப் போக வேண்டிய படிப்பை அவர் தெரிந்துகொள்ளவில்லை. சுமை தூக்கும்போதே கேட்கக்கூடியதைத் தெரிந்துகொண்டார்.

நாம் எதை இறக்கி வைப்போம்?

இங்கே என் தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் ஒரு வாலிபர் இரவில் வேலை செய்து பகலில் கல்லூரிக்குப் போய்வந்தார். ஞாயிறு பள்ளியிலும் போதித்தார். பாடல் குழுவிலும் இருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்திற்கு அவர் தொடர்ந்து வராதபோது நான் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தலைகுனிந்து நின்றார். அடுத்த வாரம் வந்தார், அதன்பின்னும் வந்தார். அந்தப் பருவத்தில் வருகை குறைந்ததால் அவரால் தேர்வு எழுத முடியவில்லை என்று பிறகு அவருடைய தாயார் சொல்லி அறிந்தேன். ஏற்கெனவே இரு பாரங்களைச் சுமந்த தோளில் மூன்றாவதை ஏற்றியவன் நானே. “தம்பி, எப்போது தூங்குகிறாய்?” என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

பெற்றோரே, தேர்வு மாதத்தில் வீட்டு வேலையிலிருந்து பிள்ளைக்கு விடுதலை கொடுங்கள். ஊர்த் திருமணங்களுக்கெல்லாம் வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். மகனுக்குக் கொடுக்கும் சலுகையை மகளுக்கும் கொடுங்கள். கடை நடத்தும் சகோதரர்களே, உங்களிடம் வேலை செய்யும் மாணவருக்குத் தேர்வு நாளில் விடுப்பும், அதற்கு முந்தின நாளில் பகல் பணியும் தாருங்கள். போதகர்களே, மூப்பர்களே, பொறுப்பு கொடுக்குமுன் அவர்களுடைய வாரத்தைக் கேட்டறியுங்கள்.

வாலிபரே, உதவி கேட்பது பலவீனமன்று. “இந்தப் பருவம் என்னால் இயலாது” என்று சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவியால் மேயராக முடிந்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அவரோடு சேர்ந்து பலர் சுமந்தார்கள் என்பதையும் சொல்லுவோம். பின்பு நம் வீட்டுப் பிள்ளையிடம், “உன் பாரத்தில் எதை நான் எடுத்துக்கொள்ளட்டும்?” என்று இன்றிரவே கேட்போமாக.