சென்ட்ரிங் சரிந்தால் பணம் கட்டப்போவது யார்? ஜவ்வாது மலை மேஸ்திரிகளுக்கான இன்ஷூரன்ஸ் கணக்கு

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. சாமையும் புளியும் தேனும் வருஷம் முழுக்கச் சோறு போடாது. அதனால் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கத்து மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் பலர் சென்னை, பெங்களூரு, கேரளா என்று வேலை தேடி இறங்குகிறார்கள். எஸ்டேட் வேலைக்கு அடுத்து கட்டட வேலைதான் பலருக்கும் கை கொடுக்கிறது.

பெரும்பாலும் யாரும் தனியாகப் போவதில்லை. ஊர்க்காரர் ஒருவர் நான்கைந்து வருஷம் சென்ட்ரிங் அடித்துப் பழகி, மேஸ்திரி ஆகிவிடுவார். அவர் ஒரு பில்டரிடம் சதுர அடி கணக்கில் வேலை பேசுவார். பிறகு மாமன் மகன், பங்காளி, பக்கத்து வீட்டுப் பையன் என்று பத்துப் பேரை அழைத்துப் போவார். முட்டு கொடுப்பது, பலகை அடிப்பது, கம்பி கட்டுவது எல்லாம் இந்தக் குழுவின் பொறுப்பு. கட்டடத்திலேயே ஆபத்து அதிகமான வேலையும் இதுதான். முட்டு வழுக்கினால் ஈரக் கான்கிரீட்டோடு மொத்தத் தளமும் இறங்கிவிடும்.

அப்படி ஒரு ஆள் விழுந்துவிட்டால் பணம் கட்டப்போவது யார்? "எல்லாம் பில்டர் பார்த்துக்குவார்" என்பதுதான் பொதுவான நம்பிக்கை. சட்டம் சொல்வது வேறு.

மேஸ்திரியும் முதலாளிதான்

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை அதேதான்: வேலையின்போது, வேலையால் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். யார் மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

இங்கே முதலாளி என்பது கூலி கொடுப்பவர். பில்டரிடம் மொத்தமாகப் பணம் வாங்கி, ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரியும் அதில் அடக்கம். அவரிடம் கம்பெனி, ஜி.எஸ்.டி. எண், லெட்டர்பேடு எதுவும் இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு.

பில்டர் தப்பித்துவிட முடியுமா? முடியாது. கட்டடம் கட்டுவதையே தொழிலாகச் செய்பவர், வேலையை கான்ட்ராக்டருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் தொழிலாளி அவரிடமே நேராக இழப்பீடு கேட்கலாம். ஆனால் கட்டிய பணத்தை மேஸ்திரியிடம் திருப்பி வசூலிக்கும் உரிமை பில்டருக்கு இருக்கிறது. சுற்றி வளைத்து சுமை மேஸ்திரி தலையிலேயே இறங்கலாம்.

சொந்த வீடு கட்டுபவர் விஷயம் வேறு. வீடு கட்டுவது அவருடைய தொழில் அல்ல என்பதால், இந்த "பிரதான முதலாளி" பொறுப்பு பொதுவாக அவர் மீது வராது. அப்போது மேஸ்திரி மட்டும்தான் மிச்சம்.

எவ்வளவு வரும்?

இறப்புக்கான கணக்கு சிம்பிள்: மாதக் கூலியில் பாதி, அதை வயதுக்கு ஏற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலிக்கு 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் சம்பாதித்தாலும் 15,000 என்றே வைத்துக்கொள்வார்கள்.

30 வயது சென்ட்ரிங் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். காரணி எண் 207.98. 15,000-ல் பாதி 7,500. பெருக்கினால் 15,59,850 ரூபாய். 40 வயது என்றால் காரணி 184.17, தொகை 13,81,275 ரூபாய்.

நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். அதே 30 வயதுக்காரருக்கு 18,71,820 ரூபாய். தற்காலிகமாகப் படுத்துவிட்டால் மாதக் கூலியில் 25 சதவீதம், அதாவது 3,750 ரூபாய், 15 நாளுக்கு ஒருமுறை தர வேண்டும். மருத்துவச் செலவு தனி.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான தொகை 3.5 லட்சம் ரூபாய். அப்படி ஒரு வீட்டுக்குத் தளம் போடும் மேஸ்திரிக்குக் கிடைக்கும் கூலி அதில் ஒரு சின்னத் துண்டு. ஆனால் அந்தத் தளத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்தால் அவர் மீது வரும் பொறுப்பு 15 லட்சத்தைத் தாண்டும்.

எந்த பாலிசி எதற்கு?

பெரிய குழப்பம் இங்கேதான்.

"சைட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று பில்டர் சொன்னால், அது பெரும்பாலும் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசியாக இருக்கும். பெயரில் "ஆல்" இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் பொருளுக்கும் சேதம் வந்தாலோ, வழியில் போகும் மூன்றாம் நபருக்கு அடிபட்டாலோ அது கைகொடுக்கும். சைட்டில் வேலை செய்யும் தொழிலாளி மூன்றாம் நபர் அல்ல. அவருக்கான இழப்பீடு அதில் வராது.

அதற்குத் தேவையானது தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. பழைய ஆட்கள் "டபிள்யூ.சி. பாலிசி" என்பார்கள். எத்தனை பேர், என்ன வேலை, மொத்தக் கூலி எவ்வளவு என்று சொல்லி எடுக்க வேண்டும். பிரீமியம் அந்தக் கூலியின் மீது, வேலையின் ஆபத்தைப் பொறுத்துக் கணக்கிடப்படும். ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் சில மாதங்களுக்கு மட்டும் எடுக்கவும் வழி உண்டு.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

● வேலையை "சென்ட்ரிங், உயரத்தில் வேலை" என்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று "பெயின்டிங்" என்று போட்டால் கிளெய்ம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

● பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கு எடுக்காதீர்கள்.

● மருத்துவச் செலவு தானாகச் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

● வேலை கேரளாவிலோ கர்நாடகாவிலோ என்றால் அந்த சைட் முகவரி பாலிசியில் இருக்க வேண்டும்.

● பில்டர் எடுத்திருக்கிறார் என்றால், சப்-கான்ட்ராக்ட் ஆட்களும் அதில் அடக்கமா என்று பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இந்த பாலிசி ஆட்களுக்கானது. மேஸ்திரி முதலாளி என்பதால் அவருக்கு இதில் கவர் கிடையாது. சின்னக் குழுக்களில் முதலில் சாரம் ஏறுவதே அவர்தான். அவருக்குத் தனிநபர் விபத்து பாலிசி வேண்டும். குறைந்தபட்சம் வங்கிக் கணக்கு வழியாக பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். 18 முதல் 70 வயது வரை, வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஆட்களையும் சேர்த்துவிடலாம். ஆனால் இந்த 2 லட்சம் சட்டப்படியான இழப்பீட்டுக்கு மாற்று அல்ல.

அரசு உதவி வராதா?

வரும், ஆனால் அது வேறு கணக்கு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பணியிடத்தில் விபத்தில் இறந்தால், பதிவு செய்யாத கட்டுமானத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் வாரியம் நிதி உதவி தருகிறது. பலருக்கும் இது தெரியாது. சாலை விபத்துக்கான 'நம்மைக் காக்கும் 48' திட்டம் சாரத்திலிருந்து விழுபவருக்குப் பொருந்தாது என்பதும் அப்படித்தான்.

பெரிய விபத்துகளில் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் அனல்மின் நிலையப் பணியிடத்தில் இரும்புக் கட்டமைப்பு சரிந்து 9 பேர் இறந்தார்கள். நாடே பேசியது. ஆனால் ஒரு சைட்டில் ஒரே ஒருவர் விழுந்தால் அது செய்தியாவதில்லை. அங்கே குடும்பத்துக்குக் கடைசி நம்பிக்கை இழப்பீட்டுச் சட்டம்தான்.

"பேசி முடிச்சுக்கலாம்" செல்லுமா?

மலையில் அடிக்கடி நடப்பது இதுதான். மேஸ்திரியும் சொந்தக்காரர், இறந்தவரும் சொந்தக்காரர். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு தொகை பேசி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

இது இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம். இறப்புக்கான இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம் சட்டத்தின் கண்ணில் இழப்பீடாகவே ஆகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய காகிதமும் செல்லாது. அதாவது நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்த மேஸ்திரி மீது பிறகும் வழக்கு வரலாம். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் வட்டியும், தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

விபத்து நடந்துவிட்டால்?

குடும்பம் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். விபத்து சென்னையிலோ கொச்சியிலோ நடந்திருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். குடும்பம் வசிக்கும் பகுதிக்கான ஆணையரிடமே மனு செய்யலாம். பிணத்தை ஊருக்குக் கொண்டுவரும் அவசரத்தில் எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் விட்டுவிடக் கூடாது. "குடித்திருந்தார், பெல்ட் போடவில்லை" என்ற சாக்கு, இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் எடுபடாது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்கும் கேள்வி: இவர் இந்த சைட்டில், இந்தக் கூலிக்கு வேலை செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? கூலியை ஜிபே-யில் போட்டால் அதுவே பதிவு. கையில் கொடுத்தால் பெயர், தேதி, தொகை, கையெழுத்தோடு ஒரு வருகை நோட்டு போதும். வீட்டுக்கு மாடி எடுக்க ஆள் பேசும் நீங்களும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மேஸ்திரியிடம் அந்த நோட்டையும் பாலிசி நகலையும் கேளுங்கள். பாலிசி இல்லை என்றால் அதன் பிரீமியத்தையும் சேர்த்தே ரேட் பேசிக்கொள்ளலாம்.